அமெரிக்காவின் ஈமத்தொழிற் சபைகள்: ஆசனங்கள் யாருக்கு?

ஒரு வர்த்தகத்தின் மீது அரசு கட்டுப்பாட்டுச் சபையொன்றை நிறுவியது என்ற செய்தியைக் கேட்டவுடன், தனியார் இலாபத்தின் மீது ஐயுறவு கொண்ட நம்மனோர் ஓரளவு மனநிறைவு அடைகிறோம். வணிகனுடைய கையைப் பிடித்து நிறுத்த ஓர் அதிகாரம் தோன்றிவிட்டதென எண்ணுகிறோம். ஆனால் அச்சபையில் அமர்ந்திருப்போர் யார், அவர்களை அங்கு அமர்த்தியவர் யார், அவர்தம் பெயர்களைப் பிரேரித்தவர் யார் என்ற வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். சட்டத்தின் ஏனைய பிரிவுகளைக் கவனமாகப் படிப்பவர்கள்கூட நியமனம் பற்றிய பிரிவை வெறும் சம்பிரதாயப் பகுதியெனக் கருதித் தாண்டிவிடுவர். ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் ஈமத்தொழிலுக்கென நிறுவிய சபைகளின் வரலாறு முழுவதும் அப்பிரிவிலேதான் அடங்கிக் கிடக்கிறது.

இத்துணைப் பொருள்கள் இருக்க ஈமத்தொழிலை ஏன் எடுத்தீர்கள் என்று வாசகர் கேட்கலாம். வாங்குவோனுடைய பலவீனம் இத்தொழிலிலே தெரிவதுபோல் வேறெங்கும் தெரிவதில்லை என்பதே காரணம். அரிசி வாங்குபவன் நாலு கடை ஏறி இறங்குவான். விலை சரியில்லையென்றால் வீடு திரும்புவான். பிரேதத்தை வீட்டிலே வைத்துக்கொண்டு எவரும் நாலு மலர்ச்சாலைகளுக்கு ஏறி இறங்குவதில்லை. வாங்குவோன் பெரும்பாலும் முதன்முறையாக வாங்குகிறான், துயரத்தோடு வாங்குகிறான், ஒரு நாளுக்குள் வாங்கியாக வேண்டும். விற்பவனோ அதே பொருளை நாள்தோறும் விற்பவன். பேரம் பேசினால், செத்தவர்மீது பாசமில்லையோ என்று சுற்றத்தார் நினைப்பார்கள் என்ற அச்சம் வேறு. இத்தகைய சந்தையில் அரசின் காவல் வேண்டுமென்பதில் நமக்கு எவ்வித ஐயமுமில்லை. அந்தக் காவல் யார் கையிற் கொடுக்கப்பட்டது என்பதுதான் விசாரணைக்குரியது.

அமெரிக்காவில் ஈமத்தொழில் பெருவணிகமாவதற்கு வழிவகுத்தது 1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போராகும். அதற்கு முன்னர் பிரேதத்தைக் குளிப்பாட்டி உடுத்துவது வீட்டாரினதும் அயலவரினதும் கடமையாக இருந்தது; பெட்டியை ஊர்த் தச்சன் செய்தான். போரிலே வட மாநிலங்களின் இளைஞர்கள் ஊரிலிருந்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் மடிந்தபோது, பிள்ளையின் முகத்தை இறுதியாக ஒருமுறை காண விரும்பிய பெற்றோருக்கு உடலைப் பழுதுபடாமற் கொண்டுவர ஒரு வழி தேவைப்பட்டது. பிரேதத்தின் நாளங்களுள் இரசாயனத்தைச் செலுத்திப் பதப்படுத்தும் 'எம்பாம்' முறை அந்தத் தேவையை நிறைவேற்றிற்று. எம்பாம் செய்வோர் படைகளைத் தொடர்ந்து சென்று கூடாரமடித்தனர். அவர்களுட் புகழ்பெற்ற தோமஸ் ஹோம்ஸ் என்பார் நாலாயிரத்துக்கு மேற்பட்ட உடல்களைத் தாம் பதப்படுத்தியதாகப் பின்னாளிற் கூறிக்கொண்டார்; உடலொன்றுக்கு நூறு டொலர் வரை அவர் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. சாதாரணப் போர்வீரனின் மாதச் சம்பளம் அக்காலத்தில் பதின்மூன்று முதல் பதினாறு டொலர் வரையிலேயே இருந்தது என்பதை இங்கே மனங்கொள்ள வேண்டும்.

துயரப்பட்ட குடும்பங்களை இவர்களுட் சிலர் கசக்கிப் பிழிந்தனர் என்ற முறைப்பாடுகள் பெருகின. அதன் விளைவாக 1865 மார்ச்சில் யுத்தத் திணைக்களம் கட்டளையொன்றைப் பிறப்பித்தது. இராணுவப் பொலிஸ் அதிகாரியின் அனுமதிப்பத்திரமின்றி எவரும் படைவீரரின் உடலை எம்பாம் செய்யவோ எடுத்துச் செல்லவோ கூடாது; அனுமதி பெற விரும்புபவர் தம் தேர்ச்சியை நிரூபிக்க வேண்டும்; அவர் அறவிடும் விலையும் கட்டுப்பாட்டுக்கு உட்படும். போர் முடியும் தறுவாயில் வந்த கட்டளையாதலால் அதன் நடைமுறைப் பயன் சிறிதாகவே இருந்திருக்கும். எனினும் நாம் அதனைக் குறித்துக்கொள்கிறோம். அனுமதி அளிக்கும் அதிகாரம் அத்தொழிலுக்குப் புறம்பானவரிடம் இருந்தது. தேர்ச்சியோடு விலையும் அவருடைய கண்காணிப்புக்கு உட்பட்டிருந்தது. அடுத்த நூற்றாண்டு முழுவதும் மாநிலங்கள் அமைத்த சபைகளில் இவ்விரண்டையும் ஒருங்கே காண்பது அரிது.

அடுத்த மாதமே லிங்கன் கொலையுண்டார். எம்பாம் செய்யப்பட்ட அவருடைய உடல் வாஷிங்டனிலிருந்து ஸ்பிறிங்ஃபீல்ட் வரை ஏறத்தாழ 1,700 மைல் தூரம் புகைவண்டியிற் கொண்டுசெல்லப்பட்டு, வழிநெடுக இலட்சக்கணக்கான மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. புதிய தொழிலுக்கு இதைவிடச் சிறந்த விளம்பரம் கிடைத்திருக்க முடியாது. போருக்குப்பின் எம்பாம் திரவியங்களைத் தயாரித்த கம்பெனிகளே ஊரூராகச் சென்று சில நாள் வகுப்புகள் நடத்தி அத்தாட்சிப்பத்திரம் வழங்கின. திரவியத்தை விற்பவனே ஆசிரியனுமானான். நேற்றுவரை தச்சனாகவும் குதிரைவண்டிக்காரனாகவும் இருந்தவன் இப்போது தன்னை மருத்துவனுக்கு நிகரானவனாக எண்ணலானான். 1882இல் ஈமச்சேவை நடத்துவோரின் தேசிய சங்கம் உருவாயிற்று. அச்சங்கத்தார் மாநிலச் சட்டசபைகளின் வாயிலில் நின்று கேட்டது ஒன்றே: எங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

ஒரு வணிகர் கூட்டம் தன்னைக் கட்டுப்படுத்துமாறு தானே முன்வந்து கேட்பது விந்தையாகத் தோன்றலாம். அதன் உட்பொருள் அத்துணை மறைவானதன்று. அனுமதிப்பத்திரம் ஒரு வாயிற்கதவு. கதவைக் காப்பவன் உள்ளே இருப்பவர்களுள் ஒருவனாக இருந்தால், உள்ளே இருப்போருக்கு அதைவிட வாய்ப்பான நிலை வேறில்லை. 1894இல் வேர்ஜீனியா மாநிலம் எம்பாம் செய்வோருக்கான முதலாவது மாநிலச் சபையை நிறுவிற்று. பிற மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தொடர்ந்தன. பொதுமக்களின் சுகாதாரமே காரணமாகச் சொல்லப்பட்டது. தொற்றுநோய்கள் பற்றிய அறிவு புதிதாகப் பரவிய காலமாதலின் அக்காரணத்தை எவரும் மறுக்கத் துணியவில்லை. அதில் உண்மையும் ஓரளவு இருந்தது. ஆனால் சுகாதாரமே நோக்கமாயின் சபையில் மருத்துவர்களும் சுகாதார உத்தியோகத்தர்களும் பெரும்பான்மையினராக இருந்திருக்க வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் ஆசனங்களை நிரப்பியவர்கள் அத்தொழிலைச் செய்தவர்களே.

நியமன முறை பொதுவாக இவ்வாறு அமைந்தது. உறுப்பினரை நியமிப்பவர் மாநில ஆளுநர். சட்டமோ இன்ன எண்ணிக்கையினர் அனுமதி பெற்ற எம்பாம் தொழிலாளராகவும், இன்ன எண்ணிக்கையினர் மலர்ச்சாலை நடத்துவோராகவும் இருக்க வேண்டுமென விதிக்கும். பல மாநிலங்களில் ஆளுநர் தாமாக எவரையும் தேடுவதில்லை. வணிகர் சங்கம் பெயர்ப்பட்டியல் ஒன்றை அனுப்பும், அவர் அதிலிருந்து தெரிந்தெடுப்பார். மாநிலச் செனட் சபை அங்கீகரிக்கும். ஈமத்தொழிற் சபைக்கு யார் போகிறார் என்று கவலைப்படும் வாக்காளன் எவனுமில்லை. கவலைப்படும் மலர்ச்சாலை உரிமையாளரோ மாநிலத்தின் ஒவ்வொரு பட்டினத்திலும் உண்டு. அவர் அவ்வூர் வணிகர் கழகத்திலும் தேவாலய நிர்வாகத்திலும் முக்கியஸ்தர். தேர்தலுக்கு நன்கொடை அளிப்பவர். இவ்வாறு அமைந்த சபை பரீட்சை நடத்திற்று, பயிற்சிக் காலத்தை வகுத்தது, எம்பாம் அறை எவ்வாறு இருக்க வேண்டுமென விதித்தது. விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. வாய் திறக்காதது மட்டுமன்று. விலையை விளம்பரப்படுத்துவதே தொழிலின் கௌரவத்துக்கு இழுக்கு என்ற கொள்கை நெடுங்காலம் கோலோச்சியது. சில மாநிலங்களில் அது சட்டமாகவே இருந்தது. விலையை விளம்பரம் செய்த உறுப்பினரைத் தடுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு மத்திய அரசின் நீதித் திணைக்களம் தேசிய சங்கத்தை நீதிமன்றத்துக்கு இழுத்து, 1968இல் இணக்கக் கட்டளையொன்றைப் பெறவேண்டியதாயிற்று.

இந்த வரலாற்றில் நிறவேற்றுமையின் அத்தியாயத்தை விட்டுச் செல்வது நேர்மையாகாது. தென் மாநிலங்களில் வெள்ளையரின் மலர்ச்சாலைகள் கறுப்பினத்தவரின் உடல்களை ஏற்க மறுத்தன, ஏற்றவிடத்தும் இழிவுபடுத்தின. அதனால் கறுப்பினத்தவர் தமக்கெனத் தனி மலர்ச்சாலைகளை நிறுவினர். வெள்ளை முதலாளியை நம்பிப் பிழைக்காத மிகச் சில கறுப்பின வணிகர்களுள் இவர்கள் ஒரு சாரார். ஆதலால் குடியியல் உரிமைப் போராட்டத்தில் இவர்களுட் பலர் துணிந்து நிற்க முடிந்தது. 1955இல் மிசிசிப்பியிற் கொலையுண்ட பதினான்கு வயதுச் சிறுவன் எம்மெற் ரில்லின் உடல் சிக்காக்கோவுக்கு வந்தபோது, அவன் தாய் மேமி ரில், சிதைந்த முகத்தை உலகம் காணட்டுமெனப் பெட்டியைத் திறந்து வைக்கச் செய்தார். மூடியே வைக்க வேண்டுமென மிசிசிப்பி அதிகாரிகள் விதித்திருந்தும், அதனைத் திறந்தவர் கறுப்பின மலர்ச்சாலை உரிமையாளரான ஏ. ஏ. ரேனர். அந்தப் பெட்டியைச் சுற்றி நடந்த ஆயிரக்கணக்கானோரை எண்ணாமல் அந்த இயக்கத்தின் வரலாற்றை எழுத இயலாது.

அத்தகையோரின் தொழிலைக் கட்டுப்படுத்தும் சபைகளை நியமித்தவர்கள், அவர்களுடைய மக்களுக்கு வாக்குரிமையே மறுக்கப்பட்ட மாநிலங்களின் ஆளுநர்கள். பின்னாளில் இக்குறை நீக்கப்பட்ட முறையும் நம் கவனத்துக்குரியது. வட கரோலைனாவின் சட்டம் ஈமத்தொழிற் சபையின் நான்கு ஆசனங்களை ஒரு வணிகர் சங்கத்தின் பட்டியலிலிருந்தும், இரண்டு ஆசனங்களைக் கறுப்பினத்தவரின் மரபில் வந்த மற்றொரு சங்கத்தின் பட்டியலிலிருந்தும் நிரப்புமாறு எழுதிவைத்தது. விலக்கி வைக்கப்பட்டோருக்கு இடம் கிடைத்தது நன்றே. ஆயினும் கிடைத்த இடம் கறுப்பின மலர்ச்சாலை உரிமையாளருக்கு; கறுப்பினத் தொழிலாளியின் கைம்பெண்ணுக்கன்று.

அந்தக் கைம்பெண்ணின் பக்கம் நின்று பேசிய குரல் சபைகளுக்கு வெளியேயிருந்துதான் எழுந்தது. கலிபோர்னியாவின் ஓக்லன்ட் நகரில் றொபேட் ட்ரூஹாவ்ற் என்ற வழக்கறிஞர் தொழிற்சங்கங்களுக்காக வாதாடி வந்தார். சங்கங்கள் போராடிப் பெற்றுக்கொடுத்த மரணக் கொடுப்பனவு கைம்பெண்ணையும் பிள்ளைகளையும் சென்றடையாமல் மலர்ச்சாலைக்குப் போய்ச் சேர்வதை அவர் கண்டார். கொடுப்பனவு எவ்வளவோ அவ்வளவாகவே ஈமச் செலவும் அமைந்துவிடும் விந்தையை அவர் கண்டார். ஈமச்செலவைக் குறைக்கும் நோக்குடன் மக்கள் கூடி அமைக்கும் நினைவுச் சங்கங்கள் அங்கு முன்னரே தோன்றியிருந்தன; சியாற்றில் நகரில் 1939இல் அத்தகைய சங்கமொன்று தொடங்கியது. நம் ஊர்களின் மரண சகாய சங்கங்களை அறிந்தவர்களுக்கு அதன் அடிப்படை எண்ணம் புதிதாயிராது. ட்ரூஹாவ்ற் தம் பகுதியிலும் அத்தகைய சங்கம் வளர உழைத்தார். அவருடைய மனைவி ஜெசிக்கா மிற்ஃபோட், ஆங்கிலப் பிரபு குடும்பத்திற் பிறந்து, அதனைத் துறந்து, 1958 வரை அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தவர். 1963இல் அவர் வெளியிட்ட 'அமெரிக்க மரணமுறை' என்ற நூல் நாடெங்கும் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மலர்ச்சாலை உரிமையாளர் சங்கங்கள் அவருடைய அரசியற் பழமையைக் கிளறி நூலை முறியடிக்க முயன்றன. விற்பனை மேலும் கூடியதே கண்ட பயன்.

மிற்ஃபோட் எழுதியவற்றுள் எம்பாம் செய்யும் முறை பற்றிய அத்தியாயமே பெரிதும் பேசப்பட்டது. நம் நோக்கில் அதனினும் முக்கியமானது, மாநிலச் சபைகள் யாருடைய சபைகள் என்பதை அவர் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்துச் சொன்னமை. அதன்பின் பாவனையாளர் இயக்கம் வலுப்பெற்ற 1970களில், சபைகளிற் பொதுமக்கள் பிரதிநிதிகளை அமர்த்த வேண்டுமென்ற கோரிக்கை பரவியது. கலிபோர்னியா 1976இற் பல தொழிற் சபைகளில் அவர்களுடைய எண்ணிக்கையைக் கூட்டியது. 1990களின் நடுப்பகுதியில் ஈமத்தொழிற் சபையையே கலைத்து, அதன் கடமைகளைப் பாவனையாளர் விவகாரத் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. வேறு பல மாநிலங்கள் ஓர் ஆசனத்தைப் பொதுமக்களுக்கென ஒதுக்கிவிட்டு அத்துடன் கடமை முடிந்ததெனக் கருதின.

மாநிலச் சபைகள் செய்யாததை மத்திய அரசின் வர்த்தக ஆணைக்குழு செய்ய முற்பட்டது. 1972இல் விசாரணையைத் தொடங்கிய ஆணைக்குழு, வணிகர் சங்கங்களின் கடும் எதிர்ப்பைத் தாண்டி, 1984இல் தன் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விலைப்பட்டியலைக் கேட்பவர் கையிற் கொடுக்க வேண்டும். தொலைபேசியிற் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். கேளாமல் எம்பாம் செய்துவிட்டுப் பணம் கேட்கக்கூடாது. சட்டம் கட்டாயப்படுத்தாததைக் கட்டாயமென்று சொல்லக்கூடாது. பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின் பின் கிடைத்தது இவ்வளவே! விலைக்கு உச்சவரம்பு இல்லை. விலையைச் சொல்ல வேண்டுமென்பதே விதி. ஆனாற் சிறிய விதிகளும் பெரிய விளைவைத் தருவதுண்டு. 1994இல் விதி திருத்தப்பட்டு, வேறிடத்தில் வாங்கிய சவப்பெட்டியைக் கொண்டுவருபவரிடம் மலர்ச்சாலை அதற்கெனத் தனிக் கட்டணம் அறவிடுவது தடைசெய்யப்பட்டது. சவப்பெட்டியை மட்டும் மலிவாக விற்கும் கடைகள் தோன்றின. சவப்பெட்டியோ மலர்ச்சாலையின் வருமானத்தில் மிகக் கொழுத்த பகுதி. மாநிலச் சபைகள் விழித்துக்கொண்டன.

லூசியானாவில் நடந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அம்மாநிலச் சபை 1914இல் தோன்றியது. அதில் ஒன்பது உறுப்பினர். நால்வர் அனுமதி பெற்ற ஈமச்சேவை நடத்துவோர், நால்வர் அனுமதி பெற்ற எம்பாம் தொழிலாளர், ஒருவர் தொழிலுடன் தொடர்பற்றவர். எட்டுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. 1960களிலிருந்து சவப்பெட்டியை அனுமதி பெற்ற ஈமச்சேவை நடத்துவோரே விற்கலாமென அங்கே சட்டம் இருந்தது. கொவிங்ரன் என்ற ஊருக்கு அருகில் புனித யோசேப்பு மடத்தில் வாழ்ந்த பெனடிக்ற் சபைத் துறவிகள் தம் மரணத்துக்கெனத் தாமே எளிய மரப்பெட்டிகள் செய்துவந்தனர். அவற்றைக் கண்டவர்கள் தமக்கும் வேண்டுமெனக் கேட்டனர். 2005இல் வீசிய கத்ரீனா சூறாவளி மடத்தின் வருமானத்துக்கு ஆதாரமாயிருந்த மரக்காட்டை அழித்தது. துறவிகள் 2007இற் பெட்டி செய்து விற்கத் தொடங்கினர். ஒன்று 1,500 டொலர், மற்றது 2,000 டொலர். நம் நாட்டவருக்கு அதுவும் பெருந்தொகையே. அங்கு மலர்ச்சாலைகள் கேட்ட விலையோடு ஒப்பிடின் அது குறைவு.

விற்பனை சூடுபிடிக்கு முன்னரே சபையின் தடைக்கட்டளை மடத்துக்கு வந்து சேர்ந்தது. துறவிகள் பெட்டி விற்க விரும்பினால் மடத்தை மலர்ச்சாலையாக்க வேண்டும்: முப்பது பேர் அமரக்கூடிய பிரேத மண்டபம், ஆறு பெட்டிகளைக் காட்சிக்கு வைக்கும் அறை, குடும்பத்தாருடன் பேசும் அறை, எம்பாம் செய்யும் வசதி, அனுமதி பெற்ற முழுநேர ஈமச்சேவையாளர் ஒருவர். மீறினால் அபராதமும் சிறையும். இத்தனைக்கும் லூசியானாச் சட்டம் ஒருவரைச் சவப்பெட்டியில் வைத்துத்தான் புதைக்க வேண்டுமென்று சொல்லவில்லை. பெட்டி எவ்வாறு அமைய வேண்டுமென்றும் விதிக்கவில்லை. துணியிற் சுற்றிப் புதைக்கலாம். வீட்டிலே தச்சு வேலை செய்து பெட்டி அமைக்கலாம். அயல் மாநிலத்திலிருந்து வரவழைக்கலாம். உள்ளூரில் துறவியிடமிருந்து விலைக்கு வாங்குவது மாத்திரம் குற்றம். 2008இலும் 2010இலும் சட்டசபையில் திருத்தம் கொண்டுவர நடந்த முயற்சிகள் தோல்வியுற்றன. துறவிகள் மத்திய நீதிமன்றத்தை நாடினர். 2011இல் முதல் தீர்ப்பும், 2013 மார்ச்சில் ஐந்தாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பும் அவர்களுக்குச் சாதகமாயின. ஈமத்தொழிலாளரின் வருமானத்தைக் காப்பதைத் தவிர அவ்விதிக்குப் பகுத்தறிவுக்கு இசைந்த நோக்கம் எதனையும் நீதிபதிகள் காணவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் சபையின் மனுவை ஏற்க மறுத்தது.

இவ்வெற்றியைக் கொண்டாடுமுன் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். துறவிகளுக்காக வாதாடியது, வணிகத்தின்மீது அரசின் கட்டுப்பாடு எதுவும் கூடாதென்ற கொள்கையுடைய சட்ட நிறுவனம். அந்நிறுவனத்துக்கு இந்த வழக்கு ஒரு படிக்கல். இன்று சவப்பெட்டி, நாளை தொழிலாளர் பாதுகாப்பு விதி என்பது அவர்கள் போகும் பாதை. அதனால் துறவிகளின் நியாயம் குறைந்துவிடவில்லை. ஆனால் சபை மக்களுடைய சபையாக இருந்திருந்தால், அரசுக் கட்டுப்பாட்டின் பகைவருக்கு இத்தகைய அழகிய வழக்கொன்று கிடைத்திருக்காது. நீதிமன்றங்களும் ஒரே குரலிற் பேசவில்லை. தெனசி மாநிலத்தின் இதேபோன்ற சட்டம் 2002இல் வீழ்ந்தது. ஓக்லஹோமாவின் சட்டம் 2004இல் நிலைத்தது. உள்ளூர்த் தொழிலொன்றுக்குச் சலுகை காட்டுவதும் அரசின் நியாயமான நோக்கமே என்று அங்கே நீதிபதிகள் கூசாமல் எழுதினர்.

நியமனம் என்ற விடயத்தை நேரே தொட்ட தீர்ப்பு வேறொரு தொழிலைப் பற்றியது. வட கரோலைனாவின் பல்வைத்தியச் சபையில் எட்டு உறுப்பினர்; அறுவர் தொழில் செய்யும் பல்வைத்தியர், அவர்களைத் தெரிவு செய்பவரும் பல்வைத்தியரே. பல் வெண்மையாக்கும் சிறு கடைக்காரரை அச்சபை விரட்டியது. சந்தையிற் போட்டியிடுவோரே பெரும்பான்மையாக அமர்ந்த சபை, அரசின் நேரடி மேற்பார்வை இல்லாதவிடத்து, அரசுக்குரிய விதிவிலக்கைக் கோர முடியாதென 2015இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈமத்தொழிற் சபைகள் உட்பட எல்லாத் தொழிற் சபைகளும் தத்தம் ஆசனங்களை எண்ணிப் பார்க்க நேர்ந்தது.

ஆசனங்களின் எண்ணிக்கை மட்டும் போதுமா என்பதற்கு ரெக்சாஸ் விடை தருகிறது. 1998இல் அம்மாநில ஆணைக்குழுவின் விசாரணை உத்தியோகத்தர், ஹூஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்ட உலகின் மிகப் பெரிய ஈமத்தொழிற் கம்பெனியான சேர்விஸ் கோப்பரேஷன் இன்டர்நாஷனல், அனுமதி பெறாதவர்களைக் கொண்டு எம்பாம் செய்வித்ததா என ஆராய்ந்தனர். 450,000 டொலர் அபராதம் விதிக்கப் பரிந்துரைக்கப்பட்டது. கம்பெனியின் தலைவர் ஆளுநர் அலுவலகத்துக்கு முறையிட்டார். அக்காலத்தில் ஆளுநராயிருந்தவர் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ், அக்கம்பெனியார் அவருடைய தேர்தலுக்கு நன்கொடை அளித்தவர்கள். 1999 பெப்ரவரியில் ஆணைக்குழுவின் நிறைவேற்றுப் பணிப்பாளர் எலைசா மே பதவி நீக்கப்பட்டார். விசாரணையை நடத்தியதற்காகவே நீக்கப்பட்டதாக அவர் வழக்குத் தொடர்ந்தார். எதிர்த்தரப்பினர் அதனை மறுத்தனர். 2001இல் 210,000 டொலருக்கு வழக்கு இணக்கமாக முடிந்தது. அதிற் பெரும்பங்கை அரசே, அதாவது வரி செலுத்தும் பொதுமக்களே, செலுத்தினர். யார் கூற்று முற்றிலும் உண்மை என்பதை நீதிமன்றம் தீர்க்காமலே விட்டது. ஒரு கம்பெனி தன்மீதான விசாரணையைப் பற்றி ஆளுநர் அலுவலகத்தின் கதவைத் தட்ட முடிந்தது என்பதில் மாத்திரம் சர்ச்சையில்லை. அநாதரவான ஒரு குடும்பம் அதே கதவைத் தட்டியிருந்தால் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கும்?

வணிகர்களின் சபை வேண்டாமென்றால் சபையே வேண்டாம் என்று முடிவு செய்த மாநிலமும் ஒன்றுண்டு. தேவையற்ற சபைகளைக் காலவரையறை செய்து ஒழிக்கும் சட்டத்தை 1976இல் நாட்டிலேயே முதன்முதலாக இயற்றியது கொலராடோ. அதன்படி ஆராய்ந்தபோது, ஈமத்தொழிற் சபை மக்களைக் காக்கவில்லை, தொழிலையே காத்தது என்று கண்டனர். 1980களின் முற்பகுதியிற் சபை மறைந்தது. நோயை அவர்கள் சரியாகவே கண்டனர். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ஈமச்சேவை நடத்துவோருக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லாத மாநிலமாகக் கொலராடோ தனித்து நின்றது. பரீட்சையில்லை, வழமையான சோதனையும் இல்லை. மொன்ற்றோஸ் என்ற ஊரில் மலர்ச்சாலையொன்று உடல்களைக் குடும்பத்தாருக்குத் தெரியாமற் கூறுபோட்டு விற்றமை 2018இல் மத்தியப் பொலிசாரின் சோதனையோடு வெளிப்பட்டது. 2023 ஒக்ரோபரில் பென்றோஸ் என்ற சிற்றூரில், துர்நாற்றம் பற்றிய முறைப்பாட்டின்மேற் சென்றவர்கள் ஒரு கட்டடத்துள் அழுகிக் கிடந்த ஏறக்குறைய 190 உடல்களைக் கண்டனர். சில 2019 முதல் அங்கே கிடந்தவை. அவற்றின் உறவினருட் பலர் தகனம் முடிந்ததென நம்பி, அஸ்தியென்று பெற்றுக்கொண்டது உலர்ந்த கொங்கிரீற் தூள். எளிய, மலிவான, இயற்கைக்கு இசைந்த அடக்கம் என்ற விளம்பரத்தை நம்பியே அக்குடும்பங்கள் அங்கு சென்றிருந்தன.

அந்தக் குடும்பத்தினர் சட்டசபைக் குழுவின் முன் சென்று பேசினர். தாயின் உடல் நாலாண்டு கிடந்த இடத்தைப் பிள்ளைகள் சொன்னார்கள். மகனுடைய சாம்பல் என்று வீட்டில் வைத்து வணங்கியது எது என்பதைப் பெற்றோர் சொன்னார்கள். 2024 மே மாதத்தில் இரண்டு சட்டங்கள் கையொப்பமாயின. ஒன்று மலர்ச்சாலைகளை ஒழுங்காகச் சோதனையிடுவதற்கு. மற்றது ஈமச்சேவை நடத்துவோர், எம்பாம் செய்வோர், தகனம் செய்வோர் ஆகியோருக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்குவதற்கு. அனுமதிப்பத்திர விதி நடைமுறைக்கு வர 2027இன் தொடக்கம் வரை தவணை கொடுக்கப்பட்டது.